மேல்மாடிப் படிக்கட்டு: 14 பலகை, 15 ஏற்றம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. "பலகை மாத்துறது ஒரு நாள் வேலைதானே, ஏன் இத்தனை வாரம் படிக்கட்ட மூடி வச்சிருந்தீங்க?"ன்னு வாட்ஸ்அப் குழுவில் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட முடியல. நடந்தது மொத்தத்தையும் இங்கேயே எழுதிடுறோம்.

மண்டபத்துக்குப் பின்னால் மேல்மாடிக்குப் போற மரப்படிக்கட்டு உங்க எல்லாருக்கும் தெரியும். திருமுறை வகுப்புப் பிள்ளைங்க தினமும் ஏறி இறங்குற படி. கொலு வைக்கிறதும் மேலதான். மண்டபம் கட்டின கொன்ட்ரெக்டர், பெயர் வேண்டாம், கீழே டைல்ஸ் போட்டார், மேலே வினைல் போட்டார். படிக்கட்டுக்கு மட்டும் "இது தற்காலிகம், நல்ல பலகை பிறகு வரும்"னு சொல்லி, காங்கிரீட் ஊத்துற இடத்தில் கிடந்த கரட்டுப் பலகையை ஆணி அடிச்சிட்டுப் போனார். அந்தப் 'பிறகு' ரெண்டு வருஷம் ஆகியும் வரல. வெறுங்காலோடு ஏறுற இடத்தில் சிலாம்பு. நடந்தால் கிறீச் கிறீச்சுன்னு சத்தம். ஒரு பக்கம் ஓதுவார் பதிகம் சொல்லிக்கொடுக்க, இன்னொரு பக்கம் படிக்கட்டு தனியா பாடும்.

சத்தத்தைப் பொறுத்துக்கலாம். ஆனா விழ ஆரம்பிச்சாங்க. முதலில் ஒரு பையன் ஏறும்போது அடிப்படியில் கால் கட்டைவிரலை இடிச்சு நகம் பெயர்ந்துச்சு. பிறகு மாதர் பிரிவு அக்கா ஒருத்தர் இறங்கும்போது தடுமாறி, நல்லவேளை சுவரைப் பிடிச்சிட்டார். கடைசியா போன நவராத்திரியில் நம்ம தோட்டத்துப் பாட்டி, சுண்டல் தட்டோட இறங்கும்போது மேலிருந்து ரெண்டாவது படியில் கால் தவறி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எழுபத்தொன்பது வயசில் மணிக்கட்டோட போச்சேன்னு டாக்டரே சொன்னாராம்.

அதுக்குப் பிறகு பேச்சு வேற மாதிரி போச்சு. "அந்த ரெண்டாவது படியில ஏதோ இருக்கு." விழுந்தவங்க எல்லாரும் அங்கதான் தடுமாறினாங்கன்னு சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படியில் கற்பூரம் ஏத்தி, நீர்ப்பூசணி சுத்தி உடைச்சாங்க. நாங்களும் கூட நின்னு கும்பிட்டோம். அதைக் கேலி பண்ண இந்தப் பதிவு இல்ல. ஆனா ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசரா வேலை பார்த்தே ஐம்பது வயசைத் தாண்டின எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே இடத்தில் மூணு தடவை பிசகு வந்தா, முதலில் டேப்பை எடுப்போம். எஸ்பிஎம் வரைக்கும் படிச்ச படிப்புக்கு அந்த அளவு கணக்குப் போதும்.

பூசணிக்காய் விதையைக் கூட்டித் தள்ளிட்டு, அன்னிக்கு ராத்திரியே ஒவ்வொரு படியோட உயரத்தையும் அளந்தோம். கீழ்த்தரையில் இருந்து மேல்தரை வரைக்கும் மொத்தம் 2,625 மில்லி. மிதிக்கிற பலகை 14, ஏற வேண்டிய ஏற்றம் 15. சரியா பிரிச்சா ஒவ்வொரு ஏற்றமும் 175 மில்லி வரணும். நடுவில் இருக்கிற 13 ஏற்றமும் 175தான். அடியில் முதல் ஏற்றம் மட்டும் 200. உச்சியில் கடைசி ஏற்றம் 150.

ஏன் இப்படின்னு கேட்டா, தப்பு பலகையில் இல்ல, அதைத் தாங்குற மரத்தில். படிக்கட்டுக்கு அடியில் குனிஞ்சு பார்த்தீங்கன்னா மூணு பெரிய சாய்வு மரம் இருக்கும். ரம்பப் பல்லு மாதிரி வெட்டி, அந்தப் பல்லு மேலதான் பலகை உட்காரும். கொன்ட்ரெக்டரோட ஆள் எல்லாப் பல்லையும் சரியா 175, 175ன்னு வெட்டியிருக்கான். தரையில் நிக்கிற முதல் பல்லையும் அதே 175க்கு வெட்டிட்டான். அது மேல 25 மில்லி பலகை வச்சதும் எல்லாப் படியும் ஒரே மாதிரி 25 மில்லி உயர்ந்துச்சு. ஆனா கீழ்த்தரையும் உயரல, மேல்தரையும் உயரல. அதனால முதல் ஏற்றத்தில் 25 கூடிப்போச்சு, கடைசி ஏற்றத்தில் 25 குறைஞ்சுபோச்சு. பலகை எத்தனை கனமோ அத்தனையை அடிமரத்தில் முதலிலேயே வெட்டிக் கழிச்சிருக்கணும். தச்சு வேலையில் இது பாலபாடம்னு நம்ம ஆச்சாரி அண்ணன் சொன்னார். அவர் ரிட்டையர் ஆகி பத்து வருஷம் ஆச்சு, கண்ணாடி இல்லாம டேப் படிக்க முடியாது. ஆனா நாங்க எண்ணைச் சொன்ன உடனேயே "அடி வெட்டல"ன்னு ரெண்டே வார்த்தையில் சொல்லிட்டார்.

25 மில்லி, அதாவது ஒரு இஞ்சி. இதுக்கா எலும்பு முறியும்? ஏறி இறங்கும்போது நாம படியைப் பார்த்து நடக்கிறது ரொம்பக் குறைவு. முதல் ஒரு படியிலேயே கால் அளவு எடுத்துக்கும், பிறகு அதே அளவுக்குத்தான் தன்னால இறங்கும். மேல்மாடியில் இருந்து இறங்கும்போது முதல் இறக்கம் 150. காலு அதைப் படிச்சிட்டு அடுத்ததையும் 150ன்னு நம்பும். ஆனா அடுத்தது 175. கால் வைக்கிற இடத்தில் பலகை இல்ல, இன்னும் ஒரு இஞ்சி கீழ இருக்கு. தட்டு கையில் இருக்கிற பாட்டிக்கு அது போதும். விழுறது ரெண்டாவது படியில், பழுது இருக்கிறதோ முதல் இறக்கத்தில். பூசணிக்காயை உடைச்ச படி பாவம், ஒண்ணும் செய்யல. அதோட அளவு சரியா 175.

இது நம்ம சொந்தக் கருத்து இல்ல. நம்ம நாட்டுக் கட்டடத் துணைச் சட்டம், 1984ல வந்தது, யூபிபிஎல்னு கொன்ட்ரெக்டருங்க சொல்லுவாங்க. அதில் 106வது விதி: படி உயரம் 180 மில்லிக்கு மேல போகக் கூடாது, கால் வைக்கிற அகலம் 255 மில்லிக்குக் குறையக் கூடாது, எந்த அளவை எடுத்தாலும் அது படிக்கட்டு முழுக்க ஒரே மாதிரி இருக்கணும். நம்ம அடிப்படி 200. உயரத்திலும் விதியைத் தாண்டுது, ஒரே மாதிரியும் இல்ல.

நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொன்னோம். ஒருத்தர் கேட்டார்: "இருக்கிற பலகை மேலேயே புதுப் பலகைய ஒட்டிட்டா என்ன? ஒரு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சிடும்." நியாயமான கேள்விதான். பழசு 25, மேல புதுசு 30 வச்சா எல்லாப் படியும் 55 உயரும். அடி ஏற்றம் 230, உச்சி 120. பார்க்க பளபளன்னு இருக்கும், இறங்குறவங்க நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் இறங்குவாங்க. வெள்ளைப் பலகையில் படம் போட்டுக் காட்டினதும் அவரே "வேணாம்பா"ன்னுட்டார்.

இன்னொருத்தர், கோயில் படின்னா கல்லுதானே, மரத்தை ஏன் கட்டி அழுறீங்கன்னார். பத்துமலையிலேயே 1920ல முதலில் போட்டது மரப்படிதான், இப்ப நாம ஏறுற 272 காங்கிரீட் படி அதுக்குப் பிறகு வந்ததுன்னு சொன்னதும் கூட்டம் அமைதியாச்சு. உண்மையில் கல்லு போட நம்மகிட்ட காசும் இல்ல, அந்தப் பாரத்தை நம்ம சாய்வு மரம் தாங்கவும் தாங்காது.

மரம் எங்கிருந்து வந்ததுங்கிறதுதான் இந்த வேலையில் எங்களை ரொம்ப யோசிக்க வச்ச விஷயம்.

நம்ம ஆலயம் தோட்டத்தில் இருந்து இங்க இடம் மாறினப்ப, பழைய கோயிலோட முன்மண்டபத்து உத்திரங்களை மனசு வராம லாரியில் ஏத்திக் கொண்டுவந்து பின்னால் ஷெட்டில் அடுக்கி வச்சிருந்தோம். எல்லாம் செங்ஙால் மரம். (கூட்டத்தில் "செங்ஙால் மரத்துல படி"ன்னு மைக்கில் சொன்னதும், பின்வரிசையில் ஒரு அம்மா "செங்கல்லுல படி கட்டினா உதிர்ந்துடாதா?"ன்னு கேட்டாங்க. சிரிச்சு முடிக்க அஞ்சு நிமிஷம்.) திரெங்கானுவில் கடலுக்குப் போற படகே இந்த மரத்தில்தான் கட்டுவாங்க. மழையும் கரையானும் லேசில் அண்டாது. இன்னிக்கு புதுசா வாங்கப் போனா விலையைக் கேட்டுட்டு சும்மா திரும்பணும். நம்ம ஷெட்டிலோ தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்குது.

"அறுத்துப் படிக்குப் போடலாம்"னு நாங்க சொன்னதும், கட்டுப் பிரிச்சு ஒரு மாசம்கூட ஆகாத கையோட பாட்டி எழுந்தார். "அம்மன் மண்டபத்துல தலைக்கு மேல இருந்த மரத்த, கால்ல மிதிக்கச் சொல்றீங்களாடா?"

யாருக்கும் வாய் வரல. அந்த மண்டபத்தில்தான் பாட்டிக்குக் கல்யாணம். கித்தா வெட்டிட்டு வந்து, பால் வாசத்தோட நின்னு கும்பிட்ட இடம். நாங்க சின்னப் பிள்ளையா ஓடிப் பிடிச்சு விளையாடினதும் அதே உத்திரத்துக்கு அடியில்தான். அவர் கேட்டதில் பிழை ஒண்ணும் இல்ல.

குருக்கள்கிட்ட போனோம். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கருவறையில இருந்த மரமா?" இல்ல சாமி, முன்மண்டபம்னோம். "சரி. முதல்ல ஒரு பலகைக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, தீபம் காட்டிட்டு ஆரம்பிங்க. ஷெட்டுல கிடந்து மக்குறத விட இது மேல்." பாட்டிக்கு அந்தப் பதில் முழுசா ஒப்பல. "சாமி சொன்னா சரி"ன்னு சொன்னார், ஆனா முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் சொன்னார். வேலை நடந்த அத்தனை வாரமும் அவர் பின்பக்கம் எட்டிப் பார்க்கல.

தைப்பூசம் முடியட்டும்னு காத்திருந்தோம். எல்லாரும் பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலுக்குப் போயிட்டா இங்க யார் வேலை செய்யறது? பூசம் முடிஞ்ச முதல் சனிக்கிழமை ஆணி பிடுங்க உட்கார்ந்தோம். மர ஆலை தவுக்கே, மரத்தில் ஒரு ஆணி இருந்தாலும் ரம்பத்தில் ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டார். ரம்பம் போனா அவருக்கு நஷ்டம், தெறிச்சா ஆளுக்கே ஆபத்து. தோட்டத்து ஆளுங்க அந்த உத்திரத்தில் எதைத்தான் மாட்டல? தோரணத்துக்கு ஆணி, பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் கொக்கி, நாட்காட்டிக்கு ஆணி. காந்தத்தை வச்சுத் தடவித் தடவி எடுத்து, ஒரு மைலோ டின் நிறைஞ்சது. ஆணி இருந்த இடமெல்லாம் இரும்புக் கறை கறுப்பா நிக்கும். அது போகாது, போகவும் வேணாம்னு விட்டுட்டோம்.

அறுத்து வந்த மரம் உள்ளே இளமஞ்சளா இருந்தது. காத்துப்பட காத்துப்பட தேன் நிறமாகி, இப்ப கறுத்துக்கிட்டு வருது. ஒரே பலகையில் தேவையான அகலம் கிடைக்கல. ரெண்டு ரெண்டா சேர்த்து ஒட்டி, இழைச்சு, 30 மில்லி கனத்துக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொண்ணும் பத்து கிலோ கிட்ட வரும். உடனே அடிக்கல. மண்டபத்திலேயே நடுநடுவே குச்சி வச்சு அடுக்கி ரெண்டு வாரம் விட்டோம். மரம் எந்த அறையில் இருக்கப் போகுதோ அந்த அறைக் காத்தைக் குடிச்சு, சுருங்குறதை அடிக்கிறதுக்கு முன்னாலயே சுருங்கிடணும். "சும்மாதானே கிடக்குது"ன்னு நீங்க பார்த்துட்டுப் போனது அந்த ரெண்டு வாரம்தான்.

அடுத்தது படிக்கட்டையே இறக்குற வேலை. புதுப் பலகை 30 மில்லி கனம், அப்படின்னா சாய்வு மரத்தை 30 மில்லி கீழே இறக்கணும். அப்ப 15 ஏற்றமும் தன்னால 175க்கு வந்துடும். ஆலயத்துக்கு வர்ற இன்ஜினியர் தம்பி ஒருத்தரை வரவழைச்சு, மேலே உத்திரத்தில் இருக்கிற பிடிப்பைப் பார்க்கச் சொன்னோம். பழைய போல்ட்டுத் துளைக்கு ஒட்டிப் புதுத் துளை போடாதீங்க, காங்கிரீட் பேர்ந்துடும், தள்ளிப் போடுங்கன்னு வேற அளவில் இரும்புப் பட்டை செய்யச் சொன்னார். பழைய பலகையெல்லாம் கழட்டி, சாய்வு மரத்துக்கு அடியில் இரும்பு ஜேக் ஆறு நிறுத்தினோம். அடியில் வெட்ட வேண்டிய கோட்டுக்கு டேப்பு பிடிக்கல. இழைச்ச பலகையிலேயே மிஞ்சின ஒரு துண்டைத் தரையில் வச்சு, அதோட மேல்விளிம்பில் பென்சில் ஓட்டினோம். எந்தப் பலகை ஏறப் போகுதோ அதோட கனமே அளவு. ஒரு மில்லி பிசகாது. டைல்ஸை ஒட்டி வெட்டுறதால மெஷினை விட்டுட்டு ஆச்சாரி அண்ணன் கைரம்பத்தில் அறுத்தார். மேல் போல்ட்டைக் கழட்டி, ஜேக்கை ஒவ்வொரு சுத்தாக் குறைச்சு, "இறங்கு, இறங்கு, நிறுத்து"ன்னு ஆறு பேர் ஒரே குரலில். தேர் இழுக்கும்போது கட்டை போடுறவர் கத்துற அதே ராகம். காலையில் பசியாறிட்டுத் தொடங்கினோம், தரையில் உட்கார்ந்தப்ப மத்தியானம் ரெண்டு மணி.

மிச்ச வேலையைச் சுருக்கமா சொல்றோம். சுவர் நேரா இல்ல, அதனால 14 பலகையும் 14 அளவு. முன்னால் 1,198, பின்னால் 1,206ன்னு ஒண்ணு, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி இன்னொண்ணு. ஒவ்வொரு படிக்கும் பிளைவுட்டில் தனியா அச்சு எடுத்து, எண் போட்டு வெட்டினோம். கீழிருந்து மேலே, முதலில் முகப்பலகை, அது மேல மிதிபலகை, 25 மில்லி முன்னால் நீட்டி. ஸ்குரூ எல்லாம் அடியில் இருந்து இரும்பு மூலைப்பட்டை வழியா. மேலிருந்து ஒரு ஆணிகூட இல்ல. பலகை 30 மில்லிதான், ஸ்குரூ கொஞ்சம் நீளமா போனா முனை மேலே எட்டிப் பார்க்கும், வெறுங்காலில் ஏறும். அதனால டிரில் ஊசியில் டேப் சுத்தி அடையாளம் வச்சுக்கிட்டுத்தான் துளைச்சோம். செங்ஙாலில் துளை போடாம ஸ்குரூ முடுக்கினா தலை முறிஞ்சிடும், அது வேற. ஒவ்வொரு பலகைக்கும் நாலு பக்கம் ரசமட்டம். கடைசியில் 15 ஏற்றத்தையும் மறுபடி அளந்தோம். எல்லாம் 174க்கும் 176க்கும் நடுவில்.

வார்னிஷ் பளபளப்பா இருக்கணும்னு பலருக்கும் ஆசை. நாங்க மங்கலானதைத்தான் அடிச்சோம். நம்ம பக்தர்கள் கால் கழுவிட்டு ஈரத்தோட வர்றவங்க, விளக்கெண்ணெய் சொட்டும், நெய் சொட்டும். முன்விளிம்பில் மூணு கோடு பள்ளம் இழுத்து, அதை ஒட்டி மஞ்சள் சொரசொரப்புப் பட்டையும் ஒட்டினோம். பொருளாளர் பார்த்துட்டு "என்னய்யா, ஃபேக்டரி மாதிரி இருக்கு"ன்னார். ஆமா, ஃபேக்டரியில் கத்துக்கிட்டதுதான். கறுத்த மரத்தில் படி விளிம்பு எங்க முடியுதுன்னு வயசான கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளா தெரியட்டும்.

உபய விஷயத்தையும் சொல்லிடணும், ஏன்னா மனஸ்தாபம் இருக்குன்னு கேள்விப்பட்டோம். 14 படிக்கு 14 குடும்பம்னு அறிவிச்சோம். முதல் படியும் கடைசிப் படியும் எல்லாருக்கும் வேணும், ஏழாவது படியை யாரும் சீண்டல. கடைசியில் அம்மன் சன்னதியில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பலகையில் பெயர் செதுக்கக் கேட்டவங்களுக்கு: செதுக்கினா அந்தக் குழியில் அழுக்கும் எண்ணெயும் சேரும். பெயர்ப் பலகை சுவரில் வரும், எழுத்து ஒரே அளவு.

பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் முன்னால் படியைத் திறந்தோம். பாட்டி வந்தார். யாரும் கூப்பிடல, தானாத்தான் வந்தார். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கிட்டு ஏறினார். பின்னால் ரெண்டு பேர் பிடிக்கிறதுக்குத் தயாரா போனோம். "ஏன்டா முட்டிக்கிட்டு வர்றீங்க, தள்ளி நில்லுங்க"ன்னு திட்டு. ஒன்பதாவது படியில் நின்னார். அந்தப் பலகையின் ஓரத்தில் ஒரு பெரிய துளை, கட்டைவிரல் நுழையும். அதை நாங்க மரக்கட்டை வச்சு அடைச்சு இழைச்சிருந்தோம், நிறம் மட்டும் கொஞ்சம் வேற. பாட்டி குனிஞ்சு அதைத் தடவினார்.

"இது மணிக்கயிறு போன துளை."

எங்களுக்குத் தெரியாது. உத்திரத்தில் அது எதுக்குன்னு நாங்க யாரும் யோசிச்சதுகூட இல்ல. "ஏன்டா அடைச்சீங்க?"ன்னார். பிள்ளைங்க விரல் மாட்டும் பாட்டின்னோம். கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு மேலே போனார். வகுப்பு அறையைச் சுத்திப் பார்த்தார், சன்னலில் தூசின்னு சொன்னார். தட்டு எதுவும் இல்லாம, கைப்பிடியையும் தொடாம இறங்கி வந்தார்.

இப்ப பாக்கி வேலை. கைப்பிடிக்கு ரெண்டாவது பூச்சு இன்னும் அடிக்கல. வர்ற ஞாயிறு காலை 8 மணிக்குத் தொடங்குறோம், நாலு பேர் போதும், பழைய துணி கொண்டுவாங்க. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் மேல்மாடி மூடியிருக்கும், திருமுறை வகுப்பு மண்டபத்தில் நடக்கும். படியில் எண்ணெய் சொட்டினா சாம்பல் தூவாதீங்க, கோட்டுப் பள்ளத்தில் அடைச்சுக்கும். அடியில் ஷெல்ஃபில் துணியும் பிரஷ்ஷும் வச்சிருக்கோம். ஆணி இருக்கிற மைலோ டின்னை யாரும் தூக்கிப் போட்டுடாதீங்க, அந்தப் பெட்ரோமாக்ஸ் கொக்கியைப் பாட்டி கேட்டிருக்கார்.